புதிய பணிசெயல் முறைமைக்கு வேண்டிய நினைவகம்

கணினி இன்று அலுவலகங்களுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் மாத்திரம் உரிய பொருளன்று. கல்லூரி நூலகத்திலும் மாணவரின் இல்லத்திலும் அஃது இடம்பெற்றுவிட்டது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதன் பணிசெயல் முறைமை புதுப்பிக்கப்பட்டு வெளிவருகின்றது. அவ்வாறு வெளிவருந்தோறும் யாவரும் எழுப்பும் வினா, இதற்கு வேண்டிய நினைவகம் எவ்வளவு என்பதாம். வெளியிடும் நிறுவனத்தார் அவ்வினாவுக்கு ஓர் எண்ணால் விடை கூறிவிடுகின்றனர். ஆயினும், அவ்வெண்ணை நம்பிக் கணினி வாங்கிப் பின்னர் வருந்தினோரும் உளர். அவ்வெண்ணைக் கண்டு அஞ்சி, நன்றாக இயங்கிய கணினியை ஒதுக்கி வீண் செலவுக்கு ஆளானோரும் உளர். ஆதலின் அவ்வெண் எதனை உணர்த்துகின்றது, எதனை உணர்த்தாது விடுகின்றது என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் உறுப்புக்கள் யாவற்றையும் ஆண்டு நடத்தும் மென்பொருளாகும். இயங்குதளம் என வழங்குவதும் இதுவே. விசைப்பலகையிலிருந்து வருவதை ஏற்பதும், திரையில் எழுத்தையும் படத்தையும் காட்டுவதும், கோப்புக்களைப் பேணுவதும், பல பிரயோக மென்பொருள்கள் ஒன்றோடொன்று முரணாது இயங்குமாறு இடத்தையும் நேரத்தையும் பங்கிட்டளிப்பதும் அதன் கடமைகள். நினைவகம் என்று ஈண்டுக் கூறப்படுவது, கணினி வேலை செய்யும்பொழுது கட்டளைகளையும் தரவுகளையும் தாங்கி நிற்கும் றாம் என்னும் பகுதியாகும். மின்னோட்டம் நின்றதும் அதிலுள்ளவை மறைந்துபோம். நிலையாகச் சேமித்து வைத்தல் வன்றட்டின் தொழில். நினைவகத்தைப் பைற்று என்னும் அலகினால் அளப்பர். 1,024 பைற்று ஒரு கிலோபைற்று. 1,024 கிலோபைற்று ஒரு மெகாபைற்று. 1,024 மெகாபைற்று ஒரு கிகாபைற்று.

நினைவகத்துக்கும் வன்றட்டுக்கும் உள்ள தொடர்பை ஓர் உவமையால் விளக்கலாம். நூலகத்தில் அமர்ந்து படிக்கும் மாணவனுக்கு முன்னால் ஒரு மேசை உளது. நூல்களோ அடுக்கறையில் உள. மேசை பெரிதாயின், வேண்டிய நூல்கள் அனைத்தையும் ஒருங்கே விரித்து வைத்துப் படிப்பான். மேசை சிறிதாயின், ஒன்றை மூடி அடுக்கறையிற் கொண்டுபோய் வைத்த பின்னரே மற்றொன்றை எடுத்து வரல் வேண்டும். மேசை நினைவகம், அடுக்கறை வன்றட்டு, நூல்களை எடுத்துக் கொடுத்து ஒழுங்குசெய்யும் நூலகரே பணிசெயல் முறைமை. நூலகரும் தம்முடைய பேரேடுகளை அதே மேசையில் வைக்க வேண்டியவராதலின், மேசையின் ஒரு பகுதி அவருக்கே சென்றுவிடுகின்றது. எஞ்சியதே மாணவனுக்கு உரியது.

அடுக்கறைக்குச் சென்று வருதல் எத்துணைக் காலதாமதத்தை விளைக்கும் என்பதை எண்களால் அறிதல் நன்று. நினைவகத்திலுள்ள ஒன்றை எடுப்பதற்கு ஏறக்குறைய 100 நனோ செக்கன் செல்லும். சுழலும் வன்றட்டிலிருந்து எடுப்பதற்கு ஏறக்குறைய 10 மில்லி செக்கன் செல்லும். இது முன்னையதிலும் 1,00,000 மடங்காகும். மேசையிலுள்ள நூலை எடுக்க ஒரு செக்கன் செல்லுமெனக் கொண்டால், அடுக்கறையிலிருந்து எடுத்து வர 27 மணித்தியாலத்துக்கு மேற் செல்லும் என்பது இதன் பொருள். அண்மைக் காலத்தில் வழக்குக்கு வந்துள்ள, சுழலும் பாகம் இல்லாத திண்மநிலை வட்டுக்கள் இத்தாமதத்தைப் பெரிதும் குறைத்துள்ளன. அவற்றிலும் நினைவகத்தைப் போல ஏறக்குறைய 1,000 மடங்கு நேரம் செல்லும். நமது உவமையில் அது 16 நிமிடத்துக்குச் சற்று மேலாகும். நினைவகம் போதாமை வேகக் குறைவாக வெளிப்படுவதன் காரணம் இதுவே.

இனி, பணிசெயல் முறைமைகள் வரலாற்றில் எவ்வளவு நினைவகத்தை வேண்டி நின்றன என்பதை நோக்குவாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் ஆக்கிய யூனிக்ஸ், அதன் தொடக்க காலத்தில் பி. டி. பி. 11/20 என்னும் கணினியில் இயங்கியபொழுது, அக்கணினியின் நினைவகம் 24 கிலோபைற்றாக இருந்தது. அதில் 16 கிலோபைற்றை முறைமை எடுத்துக்கொண்டது; 8 கிலோபைற்று பயனரின் வேலைக்கு எஞ்சியது. மேசையில் மூன்றில் இரண்டு பங்கு நூலகருக்கே சென்றது எனலாம்.

அப்பிள் நிறுவனம் 1984 ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட மக்கின்டொஷ் கணினியின் நினைவகம் 128 கிலோபைற்று. அதன் கருப்பு வெள்ளைத் திரையில் நிரைக்கு 512 ஆக 342 நிரைப் புள்ளிகள் இருந்தன. புள்ளி ஒன்றுக்கு ஒரு பிற்று வீதம் அத்திரையின் படத்தை வைத்திருப்பதற்கு மாத்திரம் 21,888 பைற்று, அதாவது முழு நினைவகத்தில் ஆறில் ஒரு பங்கு, செலவாயிற்று. முறைமையும் தன் பங்கைக் கொண்டபின் எஞ்சிய இடம் மிகச் சிறிது. அதே ஆண்டு செப்டெம்பரில் 512 கிலோபைற்று நினைவகம் கொண்ட கணினியை அந்நிறுவனம் வெளியிட்டது. இயங்குவதற்குப் போதிய அளவு வேறு, வேலை செய்வதற்குப் போதிய அளவு வேறு என்னும் உண்மை அன்றே புலப்பட்டுவிட்டது.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் வரிசையை எடுத்துக்கொண்டால் வளர்ச்சி இன்னும் தெளிவாகும். 1985 இல் வெளியான முதல் விண்டோஸ் குறைந்த அளவாக 256 கிலோபைற்றை வேண்டிற்று. 1995 இல் வெளியான விண்டோஸ் 95 இற்குக் குறைந்த அளவு 4 மெகாபைற்று. 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 64 மெகாபைற்று. 2007 சனவரியில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவுக்கு 512 மெகாபைற்று. 2009 இல் வந்த விண்டோஸ் 7 இற்கும் 2015 இல் வந்த விண்டோஸ் 10 இற்கும் 32 பிற்று வடிவில் 1 கிகாபைற்றும் 64 பிற்று வடிவில் 2 கிகாபைற்றும் குறிக்கப்பட்டன. 2021 இல் வந்த விண்டோஸ் 11 இற்கு 4 கிகாபைற்று. விண்டோஸ் 95 இன் 4 மெகாபைற்றிலிருந்து விண்டோஸ் 11 இன் 4 கிகாபைற்று வரை 26 ஆண்டுகளில் 1,024 மடங்கு வளர்ச்சி ஏற்பட்டமை காண்க.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் யாது? மென்பொருளாக்குவோரின் கவனக்குறைவே காரணம் என்பார் பலர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பஸ்கால் என்னும் கணினி மொழியை ஆக்கிய சுவிற்சர்லாந்து அறிஞர் நிக்லவுஸ் விர்த், 1995 இல் எழுதிய கட்டுரையொன்றில், வன்பொருள் வேகங்கொள்ளும் வீதத்தினும் மென்பொருள் பருத்து மந்தமாகும் வீதம் மிகுதி எனக் குறைகூறினார். நினைவகம் மலிவானபொழுது அதனைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பழக்கம் அருகியது என்பதும், எவருக்கும் வேண்டாத வசதிகள் பல சேர்க்கப்பட்டன என்பதும் மறுக்கற்பாலன அல்ல.

எனினும் வளர்ச்சி முழுவதும் வீணன்று. திரையை எடுத்துக்கொள்வோம். 640 க்கு 480 புள்ளிகளும் 16 நிறங்களும் கொண்ட பழைய திரையின் படத்துக்கு 150 கிலோபைற்றுப் போதும். 1,920 க்கு 1,080 புள்ளிகள் கொண்ட இக்காலத் திரைக்கு, புள்ளி ஒன்றுக்கு 4 பைற்று வீதம், 82,94,400 பைற்று, அதாவது ஏறக்குறைய 8 மெகாபைற்று வேண்டும். விண்டோஸ் 95 முழுவதற்கும் குறிக்கப்பட்ட குறைந்த அளவினும் இஃது ஏறக்குறைய இரு மடங்காகும். தெளிவான எழுத்தையும் இயற்கையான நிறத்தையும் விரும்பும் நாம் அதற்குரிய விலையைக் கொடுக்கவே வேண்டும்.

நம்முடைய மொழியும் இவ்வளர்ச்சியாற் பயன்பெற்றதாகும். ஆங்கில எழுத்தொன்றை ஒரு பைற்றிற் குறிக்கலாம். உலக மொழிகள் யாவற்றுக்கும் இடமளிக்கும் யூனிக்கோட்டுக் குறியீட்டில், 1991 இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் தன்னகத்தே கையாளும் முறையின்படி ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 2 பைற்று வேண்டும். 'நினைவகம்' என்னும் சொல்லில், உயிர்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனி எண்ண, 8 குறியீடுகள் உள. ஆகவே 16 பைற்று ஆகும். இக்கட்டுரை முழுவதையும் அவ்வாறு குறித்தால், யூனிக்ஸ் இயங்கிய அந்தக் கணினியின் 24 கிலோபைற்றில் அஃது அடங்காது. குறியீடுகளை இடமறிந்து சேர்த்து உருவமைக்கும் மென்பொருளும் எழுத்துருவும் வேறு வேண்டும். கொம்பை மெய்யின் முன்னே இட்டு 'கெ' எனக் காட்டுவதற்கும் அம்மென்பொருளே துணை. விண்டோஸ் 2000 இல் லதா என்னும் எழுத்துருவோடு இவ்வசதி முறைமையினுள்ளேயே அமைக்கப்பட்டது. பிற மொழிகளுக்கும் பார்வைக் குறைவுடையோருக்கும் உதவும் வசதிகளையும், ஒரு மென்பொருள் பிழைத்தால் மற்றவை பாதிக்கப்படாது காக்கும் அரண்களையும் இவ்வாறே மதித்தல் வேண்டும்.

இனி, குறைந்த அளவு என்னும் எண்ணின் பொருளை நுணுகி நோக்குவாம். நினைவகம் சிறிதாயினும் கணினி நின்றுவிடுவதில்லை. இதனைச் சாத்தியமாக்கியது மெய்நிகர் நினைவகம் என்னும் உபாயம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொம் கில்பேண் தலைமையில் ஆக்கப்பெற்று, 1962 திசெம்பரில் தொடக்கி வைக்கப்பட்ட அற்லஸ் கணினியில் இஃது அமைந்தது. அக்கணினியின் உள்நினைவகம் 16,384 சொற்களை மாத்திரம் கொள்ளும். சுழலும் காந்த உருளைகள் 98,304 சொற்களைக் கொள்ளும். நினைவகத்தை 512 சொற்கொண்ட பக்கங்களாகப் பகுத்து, அவ்வேளைக்கு வேண்டாத பக்கங்களை உருளைக்கு அனுப்பி, வேண்டியவற்றை உள்ளே கொணரும் வேலையை யந்திரமே பார்த்துக்கொண்டது. நிகழ்ச்சித் திட்டம் எழுதுவோனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. இக்காலப் பணிசெயல் முறைமைகள் யாவும் இவ்வுபாயத்தையே கையாளுகின்றன.

இவ்வுபாயத்தில் ஓர் இடர் உளது. ஒரு வேலை நடைபெறும்பொழுது அதற்குரிய பக்கங்கள் அனைத்தும் எப்பொழுதும் வேண்டப்படுவதில்லை. சிறு கால எல்லையினுள் ஒரு தொகுதிப் பக்கங்களே மீண்டும் மீண்டும் தொடப்படுகின்றன. அத்தொகுதியைத் தொழிற்படு கணம் எனலாம். அமெரிக்க அறிஞர் பீற்றர் டெனிங் 1968 இல் இக்கருத்தை வகுத்து விளக்கினார். தொழிற்படு கணம் நினைவகத்தில் அடங்குமாயின் வேலை தடையின்றிச் செல்லும். அடங்காதாயின், இப்பொழுது வெளியே அனுப்பிய பக்கமே அடுத்த கணத்தில் வேண்டப்படும். அதனைக் கொணர மற்றொன்றை அனுப்ப, அதுவும் உடனே வேண்டப்படும். கணினி தன் நேரமெல்லாவற்றையும் பக்கங்களைச் சுமப்பதிலேயே கழிக்கும். மாணவன் படிப்பதை விட்டு அடுக்கறைக்கும் மேசைக்குமிடையே ஓடிக்கொண்டிருப்பதை இஃது ஒக்கும். இந்நிலை படிப்படியாக வருவதன்று. எல்லையைக் கடக்கும்வரை கணினி செவ்வனே இயங்கும். கடந்ததும் வேகம் திடீரெனச் சரிந்துவிடும்.

நினைவகத்திற் செய்த சிக்கனம் நேரத்தில் வட்டியோடு அறவிடப்படும் என்பதற்கு வரலாற்றில் நல்லதொரு சான்று உளது. ஐ. பி. எம். நிறுவனம் 1964 இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளுக்குரிய பணிசெயல் முறைமையை ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர் பிரெடெரிக் புறூக்ஸ். அவ்வனுபவத்தை அவர் 1975 இல் நூலாக எழுதினார். முறைமையின் ஒவ்வொரு பகுதியை ஆக்கிய குழுவினருக்கும் நினைவகத்தில் இவ்வளவு இடமே உண்டென்று வரம்பு கட்டினர். வட்டுக்கு எத்தனை முறை செல்லலாம் என்பதற்கு வரம்பு கட்டினாரிலர். குழுவினர் தத்தம் வரம்பைக் காக்கும்பொருட்டு, அடங்காத பாகங்களை வட்டுக்குத் தள்ளினர். அவ்வக் குழுவின் கணக்கு ஒழுங்காயிற்று. முழு முறைமையோ தளர்ந்தது. அதன் வேகத்தை முன்கூட்டிக் கணித்துப் பார்த்தபொழுது, போற்றான் மொழியை மாற்றும் மென்பொருளொன்று, அவ்வரிசையில் வலிமை மிக்க கணினிகளுள் ஒன்றிலேயே, நிமிடத்துக்கு ஐந்து கூற்றுக்களையே மாற்றுமெனத் தெரிந்தது. அளவைக் குறைத்தல் மாத்திரம் சிக்கனமாகாது என்பதே புறூக்ஸ் கற்ற பாடம்.

இத்துணையும் அறிந்தபின் 'குறைந்த அளவு' என்பதன் பொருள் விளங்கும். முறைமை தன் தொழிற்படு கணத்தை ஒருவாறு வைத்துக்கொண்டு தொடங்கி நிற்பதற்குரிய அளவே அது. பயனரின் வேலைக்குரிய தொழிற்படு கணம் அவ்வெண்ணில் அடங்குவதில்லை. நூலகர் அமர்வதற்குப் போதிய மேசையென்பது, மாணவன் படிப்பதற்குப் போதிய மேசையாகாது.

விஸ்டாவின் வரலாறு இவ்வேறுபாட்டை மறந்ததால் வந்த துன்பத்தைக் காட்டும். அது விற்பனைக்கு வருமுன்னரே, 2006 இல், எக்ஸ்பியோடு விற்கப்பட்ட கணினிகளில் விஸ்டாவை ஏற்கவல்லது எனப் பொருள்படும் ஒட்டுச்சீட்டு ஒட்டப்பட்டது. அச்சீட்டுக்கு 512 மெகாபைற்று நினைவகம் போதுமானதாயிருந்தது. விஸ்டாவின் புதிய தோற்றங்களையெல்லாம் காட்டவல்ல உயர்தரக் கணினிக்கு வேறொரு சீட்டு இருந்தது; அதற்கு 1 கிகாபைற்று நினைவகமும் தக்க வரைவியல் உறுப்பும் வேண்டும். முதற் சீட்டை நம்பி வாங்கினோர் சிலர், தமக்குக் கிடைத்தது விளம்பரத்திற் கண்ட விஸ்டா அன்று எனக் கூறி, 2007 இல் சியாற்றில் நகரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். வழக்கின் முதன்மையான பூசல் வரைவியல் உறுப்புப் பற்றியதாயினும், 'ஏற்கவல்லது' என்னும் சொல்லின் பொருள் யாது என்பதே அதன் உயிர்நிலை. 2008 பெப்ரவரியில் அது வாங்கினோர் அனைவர் சார்பிலும் நடத்தத்தக்க குழு வழக்கென ஏற்கப்பட்டது. ஓராண்டின் பின்னர் அவ்வேற்பு நீக்கப்பட்டது. சட்டத்தின் முடிவு எவ்வாறாயினும், குறைந்த அளவை அச்சிடுதல் எத்துணைப் பொறுப்பு மிக்க செயல் என்பது உலகறிய விளங்கிற்று.

இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது விண்டோஸ் 7 இன் வரலாறு. அதற்கு அச்சிட்ட குறைந்த அளவு 1 கிகாபைற்று. விஸ்டாவுக்கு அச்சிட்டதிலும் இரு மடங்கு. எண்ணை மாத்திரம் நோக்குவோர் முறைமை மேலும் பருத்துவிட்டது என்றே கருதுவர். உண்மையில் அதன் சுமை குறைந்திருந்தது. விஸ்டா திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்தின் படத்தையும் இரு பிரதியாக வைத்திருந்தது. விண்டோஸ் 7 தகுந்த வரைவியல் உறுப்புள்ள கணினிகளில் அவற்றுள் ஒன்றை நீக்கிச் சாளரத்துக்குரிய செலவைப் பாதியாக்கிற்று. எண் கூடிற்று, சுமை குறைந்தது. விஸ்டாவின் எண்ணிலும் விண்டோஸ் 7 இன் எண் வேலைக்குரிய அளவை அணுகி நின்றது என்பதே இதன் கருத்து. சிறிய எண்ணை அச்சிடும் முறைமை சிக்கனமானது என்றும், பெரிய எண்ணை அச்சிடுவது ஊதாரித்தனமானது என்றும் துணிதல் தவறாகும்.

மற்றொரு மயக்கமும் ஈண்டுக் களையத்தக்கது. விஸ்டா வந்த காலத்தில், வேலை எதுவும் செய்யாத வேளையிலும் நினைவகத்தின் பெரும்பகுதி நிரம்பியிருப்பதைக் கண்டு பலர் திகைத்தனர். பயனர் அடிக்கடி திறக்கும் மென்பொருள்களை முன்கூட்டியே கொணர்ந்து வைக்கும் வழக்கம் அம்முறைமைக்கு இருந்தமையே அதற்குக் காரணம். வெறுமையாகக் கிடக்கும் நினைவகத்தாற் பயனொன்றுமில்லை. ஒழிந்த மேசைப் பகுதியில், மாணவன் கேட்கக்கூடிய நூல்களை நூலகர் எடுத்து வைப்பாராயின், அது மேசையை அடைத்ததாகாது. வேறு நூல் வேண்டுமெனின் அவற்றை உடனே அகற்றிவிடலாம். ஆகவே நிரம்பியிருத்தல் வேறு, போதாதிருத்தல் வேறு.

கணினியில் நினைவகம் போதுமோ போதாதோ என்பதைப் பின்வருமாறு அறியலாம். நாள்தோறும் ஒருங்கே திறந்து வைக்கும் மென்பொருள்களையெல்லாம் திறந்து, அரை மணி நேரம் வழக்கம்போல் வேலை செய்தல் வேண்டும். பின்னர் விண்டோஸில் உள்ள பணி முகாமையாளரைத் திறந்து நினைவகப் பகுதியை நோக்கின், பயன்பாட்டிலுள்ள அளவும், உடனே பெறத்தக்க அளவும், முறைமை பொறுப்பேற்றுள்ள மொத்த அளவும் தனித்தனி காணப்படும். பெறத்தக்க அளவு எப்பொழுதும் கணிசமாக இருக்குமாயின், நினைவகத்தைக் கூட்டுவதாற் பெரும்பயன் விளையாது. அவ்வளவு அருகி, சாளரம் விட்டுச் சாளரம் மாறுந்தோறும் வட்டு இடையறாது உழைக்குமாயின், தொழிற்படு கணம் மேசையினும் பெரிதாயிற்று என்று தெளியலாம். அப்பொழுது புதிய கணினி வாங்குமுன், நினைவகத் தகடொன்றைச் சேர்க்க இயலுமா என ஆராய்தல் தகும். மெல்லிய மடிகணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றாசு வைத்துப் பொருத்தப்பட்டிருத்தலின், பின்னர்க் கூட்டுதல் இயலாது. அத்தகையவற்றை வாங்குவோர் வாங்கும்பொழுதே பின்வரும் ஆண்டுகளையும் எண்ணுதல் வேண்டும்.

விண்டோஸ் 11 ஐப் பொறுத்தவரை, 4 கிகாபைற்று அதனைத் தொடக்குவதற்குப் போதும். கட்டுரை எழுதுதல், இணைய உலாவியிற் பல பக்கங்களைத் திறந்து படித்தல், காணொளி வகுப்பில் இருத்தல் ஆகியவற்றை ஒருங்கே செய்யும் மாணவனுக்கு 8 கிகாபைற்று வேண்டும் எனலாம். படத்தொகுப்பு, பெரிய நிகழ்ச்சித் திட்டங்களை ஆக்குதல், ஒரு கணினியினுள் மற்றொரு முறைமையை இயக்குதல் ஆகியவற்றுக்கு 16 கிகாபைற்றும் அதற்கு மேலும் வேண்டும். செயற்கை நுண்ணறிவு வசதிகளைக் கணினியினுள்ளேயே இயக்கும்பொருட்டு 2024 இல் மைக்ரோசொப்ட் அறிவித்த புதிய வகைக் கணினிகளுக்குக் குறைந்த அளவே 16 கிகாபைற்றாகும். 2009 முதல் 2021 வரை ஏறாது நின்ற எண் மீண்டும் ஏறத் தலைப்பட்டுள்ளமை இதனாற் புலனாகும்.

பழைய கணினிகளை வைத்திருக்கும் பாடசாலைகளுக்கும் குடும்பங்களுக்கும் இவ்வாராய்ச்சி இன்று மிக அவசியமாகின்றது. விண்டோஸ் 10 இற்குரிய பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிவுற்றது. விண்டோஸ் 11, நினைவகத்தை மாத்திரமன்றி, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் பட்டியலிலுள்ள செயற்பாட்டலகையும் வேண்டி நிற்கின்றது. ஆகவே 8 கிகாபைற்று நினைவகமுள்ள நல்ல கணினியும் விலக்கப்படுதல் கூடும். அத்தகைய கணினியை உதவாப் பொருளெனத் தள்ளுமுன், லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த முறைமையொன்று அதனுக்குப் பொருந்துமா என நோக்குதல் நன்று. டெபியன் 12 இன் நிறுவற் கையேடு, சாளரங்கள் கொண்ட மேசைச் சூழலுக்கு 1 கிகாபைற்றைக் குறைந்த அளவாகவும் 2 கிகாபைற்றைத் தக்க அளவாகவும் தனித்தனியே குறிப்பிடுகின்றது. இவ்வாறு ஈரெண் கூறுதல் நேர்மையான முறை. ஆயினும் நூலகர் மாறினார் என்பதற்காக மாணவன் விரிக்கும் நூல்கள் சிறுத்துவிடா. இணைய உலாவியிற் பல பக்கங்களைத் திறந்தால், எம்முறைமையிலும் நினைவகம் பெரிதும் செலவாகும். 2 கிகாபைற்றுக் கணினியில் இலகுவான முறைமையை நிறுவிவிட்டு, எல்லா வேலையும் விரைந்து நடைபெறும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

ஆகவே, புதிய பணிசெயல் முறைமைக்கு வேண்டிய நினைவகம் எவ்வளவு என்னும் வினாவை மூன்றாகப் பிரித்தே கேட்டல் வேண்டும். அது தொடங்கி நிற்க எவ்வளவு வேண்டும் என்பது முதலாவது. அதன் விடையை நிறுவனத்தார் அச்சிடுகின்றனர். நம்முடைய வேலை தடையின்றி நடைபெற எவ்வளவு வேண்டும் என்பது இரண்டாவது. அதன் விடையை நாமே அளந்தறிதல் வேண்டும். எவ்வளவுக்கு மேற் கூட்டினாற் பயனில்லை என்பது மூன்றாவது. அதனை அறியாதார் வீண் பொருட்செலவுக்கு ஆளாவர். முதலாம் விடையை இரண்டாம் வினாவுக்குரியதெனக் கொள்வதனாலேயே ஏமாற்றம் பிறக்கின்றது. கல்லூரிக்குக் கணினி வாங்கும் ஆசிரியரும், தம் பிள்ளைக்கு வாங்கும் பெற்றோரும், விற்பவரிடம் குறைந்த அளவு யாது எனக் கேட்பதோடு அமையாது, இன்ன இன்ன வேலைகளை ஒருங்கே செய்து காட்டுக எனக் கேட்பாராயின், மேசையின் அளவு அவர் கண்முன்னே தெரியவரும்.